ஹேண்ட் பிரேக்கை வீட்டிலேயே சரிசெய்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முன்பெல்லாம் லீவரைப் பாதி இழுத்தாலே வண்டி அசையாமல் நின்றது. இப்போது முழுக்க மேலே வந்தும் சரிவில் மெல்ல நகர்கிறது. இந்த நிலையில் இருப்பவர்களுக்காக எழுதியது இது. சாதாரணக் கருவிகளும் அரை நாள் நேரமும் இருந்தால் பெரும்பாலான கார்களில் இதை வீட்டிலேயே செய்துவிடலாம். ஆனால் வரிசை முக்கியம். முதலில் சக்கரத்துக்குள் இருக்கும் பிரேக், கடைசியில்தான் லீவரை அந்த பிரேக்கோடு இணைக்கும் கேபிள். பலரும் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, சில மாதங்களில் மறுபடி அதே தொல்லையோடு நிற்கிறார்கள்.

ஹேண்ட் பிரேக் தளர்ந்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, லீவரை முழுக்கக் கீழே விடுங்கள். பட்டனை அழுத்தாமல் மெதுவாக மேலே இழுங்கள். பல் ஒவ்வொன்றையும் தாண்டும்போது ‘டக்’ என்று கேட்கும். இறுகிப் பிடிக்கும் வரை எத்தனை ‘டக்’ என்பதுதான் கணக்கு. இது மாடலுக்கு மாடல் மாறும். பல கார்களில் 5 முதல் 8 வரை இருக்கும். உங்கள் காருக்கான எண் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். எவ்வளவு பலத்தில் இழுத்து எண்ண வேண்டும் என்பதையும் அதிலேயே போட்டிருப்பார்கள். 20 கிலோ எடையைத் தூக்கும் அளவு பலம் என்பது அடிக்கடி காணப்படும் அளவு. மேனுவல் 6 என்று சொல்லி உங்கள் வண்டியில் 10 வந்தால் வேலை இருக்கிறது என்று அர்த்தம்.

எண்ணிக்கை சரியாக இருந்தும் பிடிக்காமல் போகலாம், அதனால் சரிவிலும் ஒரு முறை சோதியுங்கள். முன்னும் பின்னும் ஆளோ வண்டியோ இல்லாத இடமாக இருக்கட்டும். லீவரை இழுத்து, நியூட்ரலில் போட்டு, கால் பிரேக்கை மெதுவாக விடுங்கள். பாதம் பெடலுக்கு மேலேயே தயாராக இருக்க வேண்டும்.

கார்களின் பிரேக்குக்கான ஐ.நா. விதிமுறை 13-எச், முழு பாரம் ஏற்றிய கார் 20 சதவீதச் சரிவில் ஏற்றத்திலும் இறக்கத்திலும் ஹேண்ட் பிரேக்கில் மட்டும் நிற்க வேண்டும் என்கிறது. 20 சதவீதம் என்றால் 5 மீட்டர் முன்னே போனால் 1 மீட்டர் ஏறும் சரிவு. கண்ணுக்கு நல்ல செங்குத்தாகவே தெரியும். அதற்குக் கையால் கொடுக்கும் பலம் 400 நியூட்டனை, அதாவது ஏறக்குறைய 40 கிலோவைத் தாண்டக் கூடாது. உடம்பைச் சாய்த்து இரண்டு கையாலும் இழுத்தால்தான் வண்டி நிற்கிறது என்றால், அது பிடிக்கிறது என்று சொல்லிக்கொள்ள முடியாது.

கேபிள்தானே நீண்டுவிட்டது? அதை இழுத்துப் பிடிக்கும் நட்டை நாலு சுற்று இறுக்கினால் போதாதா?

இல்லை. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த வேலையில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

கேபிள் நீளும் என்பது உண்மைதான். புதிதாக மாட்டிய கேபிள் முதல் சில நாட்களில் கொஞ்சம் இளகும். அதன் பிறகு அது இரும்புக் கம்பி முறுக்கு, லேசில் நீளாது. நாளாக ஆகத் தேய்வது பிரேக் ஷூவின் லைனிங். சக்கரத்தோடு சுற்றும் டிரம் என்ற கிண்ணத்தை உள்ளிருந்து அழுத்தும் வளைந்த துண்டுதான் ஷூ; அதன்மேல் உள்ள உராய்வுப் பட்டைதான் லைனிங். லைனிங் மெலிய மெலிய, அதற்கும் டிரம்முக்கும் நடுவே இடைவெளி கூடுகிறது. அந்த இடைவெளியைக் கடக்கத்தான் லீவர் இன்னும் இரண்டு பல் மேலே வர வேண்டியிருக்கிறது.

இந்த இடைவெளியைத் தானாகவே குறைத்துக்கொள்ள டிரம்முக்குள் ஒரு அட்ஜஸ்டர் இருக்கிறது. இரண்டு ஷூக்களுக்கும் நடுவே நிற்கும் ஒரு தண்டு அது. தேய்மானத்துக்கு ஏற்ப நீண்டுகொடுக்கும். அது ஒழுங்காக வேலை செய்ய ஒரு நிபந்தனை உண்டு. ஹேண்ட் பிரேக்கை விட்டதும், ஷூவோடு பிணைத்திருக்கும் சின்ன லீவர் முழுக்கப் பின்னால் போய் அதன் தடுப்பில் உட்கார வேண்டும். கேபிளை இறுக்கி வைத்துவிட்டால் அந்தச் சின்ன லீவர் எப்போதும் பாதி இழுபட்டே நிற்கும். அட்ஜஸ்டர் தன் வேலையை நிறுத்திவிடும். இப்போதைக்கு ஹேண்ட் பிரேக் பிடிப்பது போலத் தெரியும். ஆனால் லைனிங் தேய்ந்துகொண்டே போகும், கால் பிரேக் பெடலும் மெல்ல இறங்கும், ஒரு நாள் கேபிள் நட்டில் இறுக்க மரை மிச்சமிருக்காது.

அதனால் கேபிள் நட்டைத் தொடும் முதல் வேலையே அதைத் தளர்த்துவதுதான்.

என் காரில் எந்த வகை இருக்கிறது?

பின் சக்கரத்தின் இடைவெளி வழியே டார்ச் அடித்துப் பாருங்கள். மூடிய இரும்புக் கிண்ணம் போலத் தெரிந்தால் டிரம் பிரேக். பளபளப்பான தட்டும் அதைக் கவ்வியபடி ஒரு கேலிப்பரும் தெரிந்தால் டிஸ்க்.

டிஸ்க்கில் மேலும் பிரிவு உண்டு. கேபிள் நேராகக் கேலிப்பரில் நெம்புகோல் போல நீட்டி நிற்கும் ஒரு கைக்கு வந்து சேர்ந்தால், கால் பிரேக் அழுத்தும் அதே பேடுகளைத்தான் (டிஸ்க்கை இருபுறமும் கவ்வும் பட்டைகள்) ஹேண்ட் பிரேக்கும் அழுத்துகிறது. கேபிள் கேலிப்பருக்குப் போகாமல் டிஸ்க்கின் பின்பக்கம் நடுப்பகுதிக்குள் நுழைந்தால், டிஸ்க்கின் நடுவே குடம் போலப் புடைத்த பகுதிக்குள் பார்க்கிங்குக்கென்றே ஒரு சின்ன டிரம் இருக்கிறது. லீவரோ பெடலோ இல்லாமல் ஒரு சுவிட்ச் மட்டும் இருந்தால் எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக்.

என்னென்ன கருவிகள் வேண்டும்?

ஜாக், இரண்டு ஆக்சில் ஸ்டாண்டு, சக்கரத்துக்கு வைக்கும் தடைக்கட்டைகள், வீல் ஸ்பேனர், கேபிள் நட்டுக்குப் பொருந்தும் ரிங் ஸ்பேனர் அல்லது நீள சாக்கெட், தட்டையான ஸ்க்ரூ டிரைவர் இரண்டு, பிரேக் கிளீனர், முகக் கவசம், டார்க் ரெஞ்ச் (நட்டைக் குறித்த அளவு பலத்தில் இறுக்க உதவும் ஸ்பேனர்). டார்க் ரெஞ்ச் மட்டும் இரவல் வாங்கினாலும் பரவாயில்லை. உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவல் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

வண்டியைத் தூக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

இந்த வேலையில் ஒரு தனி ஆபத்து உண்டு. வண்டி நகராமல் பிடிக்கும் பிரேக்கையே நீங்கள் தளர்த்தப்போகிறீர்கள். பின் சக்கரங்கள் தூக்கிய நிலையில், லீவர் கீழே இருக்கும்போது, வண்டியைப் பிடித்து நிறுத்துவது முன் சக்கரங்கள் மட்டும்தான்.

தரை கெட்டியாகவும் மட்டமாகவும் இருக்கட்டும். சரிவில் இந்த வேலையைத் தொடவே கூடாது. இரண்டு முன் சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். முன் சக்கர இயக்கமுள்ள வண்டி என்றால் முதல் கியரில், ஆட்டோமேட்டிக் என்றால் ‘பி’யில் போடுங்கள். பின் சக்கர இயக்கமுள்ள வண்டியில் சக்கரத்தைச் சுற்றிப் பார்க்க நியூட்ரல் தேவைப்படும்; அங்கே முழு நம்பிக்கையும் கட்டைகள் மேல்தான், அதனால் நல்ல கட்டைகளாகப் பாருங்கள்.

ஜாக் தூக்குவதற்கு மட்டும். தூக்கியதும் மேனுவல் காட்டும் இடத்தில் ஆக்சில் ஸ்டாண்டை வைத்து, எடை முழுவதும் அதன்மேல் இறங்கிய பிறகு, பக்கவாட்டில் ஒரு தள்ளு தள்ளிப் பாருங்கள். ஆடினால் இறக்கிவிட்டு மறுபடி வையுங்கள். செங்கல், மரத்துண்டு அடுக்கு எதுவும் ஸ்டாண்டுக்கு மாற்றாகாது. செங்கல் முன்னறிவிப்பில்லாமல் நொறுங்கும்.

டிரம் பிரேக்கில் ஹேண்ட் பிரேக்கை எப்படிச் சரிசெய்வது?

லீவரை முழுக்கக் கீழே விடுங்கள். கேபிள் நட்டைக் கண்டுபிடித்து, கேபிள் தொய்வாகும் வரை தளர்த்துங்கள். பல கார்களில் இந்த நட் லீவரின் அடியில், நடுக் கன்சோலுக்குள் இருக்கும். சிலவற்றில் வண்டிக்கு அடியில் இருக்கும். அடியில் இருப்பது துருப்பிடித்திருக்கும் என்பதால் முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வைப்பது நல்லது.

இப்போது பின் சக்கரங்களைக் கழற்றுங்கள். சக்கர நட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போதே அரைச் சுற்று தளர்த்தி வைத்திருக்க வேண்டும். டிரம்மைக் கையால் சுற்றிப் பாருங்கள். தங்குதடையின்றிச் சுற்றினால், ஷூ டிரம்மை விட்டுத் தள்ளி நிற்கிறது.

டிரம்முக்குப் பின்னால் உள்ள தகட்டில் ஒரு சின்ன ரப்பர் மூடி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதைக் கழற்றி, துளைக்குள் டார்ச் அடித்தால் பல் வைத்த சிறு சக்கரம் ஒன்று தெரியும். ஸ்டார் வீல் என்பார்கள். ஸ்க்ரூ டிரைவரின் நுனியை ஒரு பல்லில் வைத்து, தகட்டின் விளிம்பில் ஊன்றி மேலோ கீழோ நெம்புங்கள். சரியான திசையில் போனால் ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு சின்ன ‘டிக்’ கைக்குத் தெரியும், காதுக்கு வருவதற்கு முன்பே. நாலைந்து பல் போனதும் மறு கையால் டிரம்மைச் சுற்றுங்கள். முதலில் எதுவும் மாறியிருக்காது. இன்னும் சில பல் போனால் ஓரிடத்தில் மட்டும் ‘சர்ர்’ என்று உரசும். அது சுற்று முழுவதும் கேட்க ஆரம்பித்தால் ஷூ டிரம்மைத் தொட்டுவிட்டது. அங்கிருந்து இன்னும் ஓரிரு பல் இறுக்கி, டிரம் கையால் சுற்ற முடியாமல் நின்றதும், லேசான உரசல் மட்டும் மிஞ்சும் வரை பின்னுக்குத் திருப்புங்கள்.

பின்னுக்குத் திருப்பும்போது ஒரு சிக்கல் வரும். தானியங்கி அட்ஜஸ்டரின் நாக்கு பல்லைப் பிடித்துக்கொண்டு விடாது. பலத்தால் நெம்பினால் பல்லின் முனை மழுங்கிவிடும். இரண்டாவது ஸ்க்ரூ டிரைவரையோ வளைத்த கம்பியையோ அதே துளை வழியே விட்டு, அந்த நாக்கை மெல்லத் தள்ளிப் பிடித்துக்கொண்டு திருப்ப வேண்டும். இரண்டு கைகளும் ஒரே சின்னத் துளையில் வேலை செய்யும், அவசரப்படாதீர்கள்.

இடது பக்கமும் வலது பக்கமும் ஸ்டார் வீல் ஒரே திசையில் திரும்ப வேண்டும் என்பதில்லை. டிரம் இறுகுகிறதா, தளர்கிறதா என்பதுதான் வழிகாட்டி.

ரப்பர் மூடியே இல்லாத டிரம்களும் நிறைய உண்டு. அவற்றில் டிரம்மைக் கழற்றி, அட்ஜஸ்டரைக் கையால் நீட்டி, டிரம்மை மறுபடி மாட்டிப் பார்க்க வேண்டும். மெல்லிய உரசலோடு உள்ளே போனால் அளவு சரி.

இரண்டு பக்கமும் முடிந்ததும், வண்டி கியரில் இருந்தால் நியூட்ரலுக்கு மாற்றி, எஞ்சினை ஓடவிட்டு, கால் பிரேக்கைப் பத்துப் பதினைந்து முறை நன்றாக அழுத்தி விடுங்கள். அப்போதுதான் ஷூக்கள் நடுவில் வந்து உட்காரும். உட்கார்ந்த பிறகு டிரம்மை மறுபடி சுற்றிப் பாருங்கள். பெரும்பாலும் இன்னும் ஓரிரு பல் தேவைப்படும். இதை விட்டுவிட்டுக் கேபிளுக்குப் போனால் கணக்கு முழுவதும் தப்பாகிவிடும்.

டிரம்மைக் கழற்றவே முடியவில்லை, என்ன செய்வது?

ஹேண்ட் பிரேக் கீழே இருக்கிறதா, கேபிள் தளர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்த காரணம், டிரம்மின் உள் விளிம்பில் தேயாமல் நிற்கும் மேடு. ஷூக்கள் அதில் மாட்டிக்கொள்ளும். ஸ்டார் வீலைத் தளர்த்திவிட்டால் வந்துவிடும். மூன்றாவது, நடு வளையத்தில் துரு. பல டிரம்களின் முகத்தில் மரை போட்ட இரண்டு துளைகள் இருக்கும். அவற்றில் சரியான அளவு போல்ட்டை மாட்டி, இரண்டையும் மாறி மாறிக் கால் சுற்றாக இறுக்கினால் டிரம் தானாக வெளியே நகரும். சம்மட்டியால் விளிம்பில் அடிக்காதீர்கள். வார்ப்பிரும்பு உடையும்.

உள்ளே திறந்ததும் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் தூசி. அதை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதவே கூடாது. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். புதியவற்றின் தூசியும் நுரையீரலுக்கு ஆகாது. முகக் கவசம் போட்டுக்கொண்டு, பிரேக் கிளீனரால் நனைத்து, துணியால் ஒற்றி எடுங்கள்.

அப்புறம் லைனிங்கின் கனம். குறைந்தபட்ச அளவு மேனுவலில் இருக்கும், 1 மி.மீ. என்பது பல கார்களில் காணப்படும் எல்லை. ரிவெட் அடித்த லைனிங் என்றால் ரிவெட்டின் தலைக்கு மேல் எவ்வளவு மிச்சம் என்பதுதான் கணக்கு. டிரம்மின் அதிகபட்ச உள்விட்டம் டிரம்மிலேயே பொறித்திருக்கும். அதைத் தாண்டியிருந்தால் டிரம் மாற்ற வேண்டியதுதான்.

மேலே இருக்கும், ஷூக்களை வெளிப்புறம் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை மெல்லத் தூக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் சொட்டினால் பிரேக் ஆயில் கசிகிறது. ஆயில் பட்ட லைனிங்கைக் கழுவிக் காயவைத்து மீண்டும் போடலாம் என்று சிலர் சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். லைனிங் ஆயிலை உறிஞ்சிவிடும், சூடானதும் மறுபடி வெளியே வரும். இரண்டு பக்கமும் புது ஷூ, புது சிலிண்டர் என்பதுதான் வழி.

கேபிளை எவ்வளவு இறுக்குவது?

ஷூ வேலை முடிந்த பிறகு, பின் சக்கரங்கள் தரையில் படாத நிலையில், லீவரை ஒன்றிரண்டு பல் மேலே வையுங்கள். நட்டை அரைச் சுற்று அரைச் சுற்றாக இறுக்கிக்கொண்டே சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். இந்த நிலையில் உரசல் ஆரம்பித்தால் போதும். லீவர் மேனுவல் சொல்லும் எண்ணிக்கைக்கு வந்ததும் இரண்டு சக்கரமும் கையால் சுற்ற முடியாதபடி இறுக வேண்டும். கீழே விட்டதும் இரண்டும் விட்டுவிட வேண்டும். மேனுவல் வேறு வரிசை சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

புதுக் கேபிள் என்றால் முதலில் லீவரைப் பல முறை பலமாக இழுத்து விட்டுவிட்டு அளவு பாருங்கள். லாக் நட் இருந்தால் கடைசியில் அதை இறுக்க மறக்காதீர்கள்; ஓட்டத்தின் அதிர்வில் அட்ஜஸ்ட் நட் தானாகத் திரும்பிவிடும்.

ஒரு சக்கரம் மட்டும் பிடிக்கிறது, மற்றது சுற்றுகிறது. ஏன்?

ஒரு லீவரிலிருந்து இரண்டு கேபிள்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் ஒரு சின்ன இணைப்பு உண்டு. தராசுத் தண்டு மாதிரி அது இருபுறமும் சாய்ந்து, இழுவையைச் சமமாகப் பங்கிடும். துருவாலோ சேற்றாலோ அது ஒரு பக்கம் சாய்ந்தபடி மாட்டிக்கொண்டால் இழுவை ஒரே பக்கம் போகும். சுத்தம் செய்து, தாராளமாக ஆடும்படி செய்தாலே பல வண்டிகளில் குறை தீர்ந்துவிடும்.

அது சரியாக இருந்தும் ஒரு பக்கம் பிடிக்கவில்லை என்றால் கேபிள் உறைக்குள் இறுகியிருக்கலாம். இதைக் கண்டுபிடிக்க உதவிக்கு ஒருவர் வேண்டும். அவர் உள்ளே உட்கார்ந்து லீவரை மெதுவாக இழுத்து விடட்டும்; நீங்கள் ஸ்டாண்டில் நிற்கும் வண்டியின் பின்பக்கம், கேபிள் டிரம்முக்குள் நுழையும் இடத்தைக் கவனியுங்கள். நல்ல கேபிள் லீவர் நகர்ந்த கணமே நகரும், விட்டதும் சட்டென்று திரும்பும். இறுகிய கேபிள் தயங்கித் தயங்கி வரும். விட்ட பிறகு அங்கேயே நிற்கும், ஒரு தட்டு தட்டினால்தான் திரும்பும். உறை எங்காவது கிழிந்திருந்தால் அந்த இடத்தில் தண்ணீர் புகுந்து துரு ஏறியிருக்கும். அப்படிப்பட்ட கேபிளை எண்ணெய் விட்டுப் பிழைக்க வைக்கப் பார்ப்பது வீண். மாற்றிவிடுங்கள், மறுபக்கக் கேபிளும் அதே வயதுதான் என்பதால் சேர்த்து மாற்றுவது நல்லது.

பின்பக்கம் டிஸ்க். கேலிப்பருக்குக் கேபிள் வருகிறது. இதில் என்ன செய்ய வேண்டும்?

இங்கே பெரிதாக அட்ஜஸ்ட் செய்ய எதுவும் இல்லை. கேலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டன், பேடு தேயத் தேயத் தானே முன்னால் வரும். நீங்கள் பார்க்க வேண்டியது கேலிப்பரில் கேபிள் மாட்டியிருக்கும் கையை. ஹேண்ட் பிரேக்கை விட்ட நிலையில் அது தன் தடுப்பில் முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டும். உட்காரவில்லை என்றால் கேபிளைத் தளர்த்துங்கள். கேபிளைக் கழற்றியும் உட்காரவில்லை என்றால் கோளாறு கேலிப்பரில்.

உட்கார்ந்தால், வண்டி கியரில் இருந்தால் நியூட்ரலுக்கு மாற்றி, எஞ்சினை ஓடவிட்டுக் கால் பிரேக்கைப் பல முறை அழுத்தி, பிறகு கேபிளை இறுக்குங்கள். அந்தக் கை தடுப்பை விட்டு நகரத் தொடங்கும் கணத்தில் நிறுத்தி, ஒரு சிறிது பின்னுக்குத் திருப்புங்கள். சில மேனுவல்கள் இந்த இடைவெளியை மி.மீ. கணக்கில் சொல்லும்.

புது பேடு மாட்டும்போது இந்த வகைப் பிஸ்டனைக் கிளாம்ப் வைத்து அழுத்தி உள்ளே தள்ளக் கூடாது. உள்ளே மரை இருக்கிறது. அழுத்தியபடியே திருகித்தான் உள்ளே விட வேண்டும். அதற்கென்று தனிக் கருவி உண்டு. பலத்தால் தள்ளினால் உள்ளிருக்கும் அமைப்பு கெட்டு, ஹேண்ட் பிரேக்கே இல்லாமல் போகும்.

டிஸ்க்குக்குள் சின்ன டிரம் உள்ள வகை?

முறை டிரம் பிரேக்கைப் போலத்தான். டிஸ்க்கின் முகத்தில் ஒரு துளையை ரப்பர் மூடி மறைத்திருக்கும். டிஸ்க்கைச் சுற்றி அந்தத் துளையை ஸ்டார் வீலுக்கு நேரே கொண்டுவந்து, டிஸ்க் சுற்ற முடியாத வரை இறுக்கி, மேனுவல் சொல்லும் அத்தனை பல் பின்னுக்கு விட வேண்டும். பிறகுதான் கேபிள்.

இந்த ஷூக்கள் வண்டி நிற்கும்போது மட்டுமே வேலை செய்வதால் அவ்வளவாகத் தேயாது. துருப்பிடிப்பதும், லைனிங் உலோகத்தை விட்டுப் பெயர்ந்துவிடுவதும்தான் இவற்றின் நோய். அளவு சரியாக வைத்தும் பிடி வரவில்லை என்றால் டிஸ்க்கைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள். புது ஷூ போட்டால் அதைப் பழக்க வேண்டும். சில மேனுவல்கள், காலியான நேர்சாலையில் மணிக்கு 50 கி.மீ. போல ஓட்டியபடி, பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு லீவரை லேசாக இழுத்துச் சில நூறு மீட்டர் போகச் சொல்லும். ஹேண்ட் பிரேக்கை இழுத்தால் பின் பிரேக் லைட் எரியாது. பின்னால் வருபவருக்கு நீங்கள் வேகம் குறைப்பது தெரியாது என்பதால், பின்னால் வண்டியே இல்லாதபோதுதான் இதைச் செய்ய வேண்டும்.

எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக்கை வீட்டில் சரிசெய்யலாமா?

கேபிள் இறுக்குவது போன்ற வேலை இதில் பொதுவாக இல்லை. மோட்டாரும் கணினியும் தாமே அளவு பார்த்துக்கொள்ளும். பேடு மாற்ற வேண்டும் என்றால் முதலில் வண்டியைச் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுபோய் மோட்டாரைப் பின்வாங்க வைக்க வேண்டும்; பல வண்டிகளில் அதற்கு வண்டியின் கணினியோடு இணைக்கும் ஸ்கேனர் தேவை. அதைச் செய்யாமல் கேலிப்பரில் கை வைக்காதீர்கள். சில வண்டிகளில் எஞ்சினை அணைத்ததும் பிரேக் தானாகப் போட்டுக்கொள்ளும். விரல் உள்ளே இருந்தால் மோட்டாருக்குத் தெரியாது.

லீவரைக் கீழே விட்டும் பிரேக் விளக்கு எரிகிறதே?

முதலில் பிரேக் ஆயில் அளவைப் பாருங்கள். பல கார்களில் இரண்டுக்கும் ஒரே விளக்குதான். லைனிங்கும் பேடும் தேய்ந்தாலே ஆயில் மட்டம் கொஞ்சம் இறங்கும், கசிந்தாலும் இறங்கும். ஆயில் சரியாக இருந்தால், லீவரின் அடியில் உள்ள சின்ன சுவிட்சைப் பாருங்கள். நகர்ந்திருக்கும், இல்லையென்றால் அழுக்கேறியிருக்கும்.

சரிசெய்த பிறகு சக்கரம் சூடாகிறது. தவறு எங்கே?

அதிகமாக இறுக்கிவிட்டீர்கள், அல்லது ஏதோ ஒன்று முழுக்க விடவில்லை. வேலை முடிந்ததும் 10 கி.மீ. போல ஓட்டி, கால் பிரேக்கை முடிந்தவரை குறைவாகப் பயன்படுத்தி, நிறுத்தியதும் நான்கு சக்கரங்களுக்குப் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். டிரம்மையோ டிஸ்க்கையோ தொடாதீர்கள், கை வெந்துவிடும். பின் சக்கரங்களில் ஒன்று மட்டும் அனல் அடித்தால் அந்தப் பக்கம் உரசுகிறது. கருகிய வாசனை, வண்டி இழுபடுவது போன்ற உணர்வு, மைலேஜ் குறைவது எல்லாம் இதன் அடையாளங்களே. அப்படியே ஓட்டினால் லைனிங் கருகும், ஆயில் சூடேறி கால் பிரேக்கும் கைவிடக்கூடும். சற்றே தளர்வான ஹேண்ட் பிரேக்கைவிட எப்போதும் உரசும் பிரேக் ஆபத்தானது.

நன்றாகப் பிடித்து நின்ற வண்டி கொஞ்ச நேரம் கழித்து நகர்ந்துவிட்டது. எப்படி?

மலை இறங்கி வந்து நிறுத்தினீர்களா? சூடான டிஸ்க் ஆறும்போது சுருங்கும், பேடுகளின் பிடி அதற்கேற்பக் குறையும். நிறுத்தும்போது போதுமாக இருந்த இழுவை பத்து நிமிடத்தில் போதாமல் போகலாம். நீண்ட இறக்கத்துக்குப் பின் சரிவில் நிறுத்தினால் லீவரை இன்னும் ஒரு பல் மேலே இழுத்து, கியரில் போட்டு, முன் சக்கரங்களைச் சாலை ஓரத்தை நோக்கித் திருப்பி வையுங்கள். சில நிமிடம் கழித்து ஒரு முறை எட்டிப் பார்ப்பதும் நல்லது.

ஆட்டோமேட்டிக் வண்டியில் வரிசை இப்படி: கால் பிரேக்கை அழுத்தியபடி நியூட்ரல், ஹேண்ட் பிரேக், பிறகு காலை எடுத்து வண்டியின் எடை ஹேண்ட் பிரேக்கில் உட்கார விட்டு, மறுபடி கால் பிரேக்கை அழுத்தி ‘பி’. நேராக ‘பி’யில் போட்டுவிட்டால் கியர்பெட்டிக்குள் இருக்கும் ஒரு சின்ன கொக்கிதான் முழு வண்டியையும் தாங்கும்.

பல வாரம் வண்டியை எடுக்கப்போவதில்லை. ஹேண்ட் பிரேக் போட்டு வைக்கலாமா?

மட்டமான இடமாக இருந்தால் போடாமல் விடுவது நல்லது. கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். ஈரத்தோடு நிறுத்திய வண்டியில் ஷூ டிரம்மோடு துருவால் ஒட்டிக்கொள்ளும். வண்டியைக் கழுவியிருந்தால் கொஞ்ச தூரம் பிரேக் பிடித்துப் பிடித்து ஓட்டி, உலர்ந்த பிறகு நிறுத்துங்கள். ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருந்தால் ஆக்சிலரேட்டரை மிதித்துப் பிய்க்கப் பார்க்காதீர்கள், லைனிங் பெயர்ந்துவிடும். டிரம்மைச் சுற்றிலும் ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டினால் பெரும்பாலும் விட்டுவிடும்.

எவ்வளவு நாளுக்கு ஒரு முறை செய்ய வேண்டும்?

நாள் கணக்கு எதுவும் இல்லை. மாதம் ஒரு முறை ‘டக்’ எண்ணிப் பாருங்கள், சர்வீஸ் ஒவ்வொன்றிலும் பார்க்கச் சொல்லுங்கள். எண்ணிக்கை மாறாத வரை கை வைக்கத் தேவையில்லை.

எப்போது மெக்கானிக்கிடம் விடுவது?

ஆயில் கசிவு, லைனிங் எல்லையைத் தொட்டது, டிரம்மில் விரலுக்குத் தட்டுப்படும் பள்ளங்கள், கேபிளின் இழைகள் பிரிந்து நிற்பது, கேலிப்பரின் கை திரும்ப மறுப்பது. இவற்றில் எது இருந்தாலும் அட்ஜஸ்ட் செய்வதால் தீராது, பாகம் மாற்ற வேண்டும். பிரேக் ஆயில் லைனைத் திறந்து பழக்கமில்லாதவர்கள் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். கால் பிரேக் பெடல் பஞ்சு போல இறங்கினால் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். வண்டியை இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள்.

எல்லாம் சரியாக முடிந்து சக்கரத்தை மாட்டும்போது நட்டுகளைக் குறுக்கு மறுக்காக, மேனுவல் சொல்லும் டார்க்கில் இறுக்கி, 50 முதல் 100 கி.மீ. ஓடிய பிறகு ரெஞ்சை மறுபடி வைத்துப் பாருங்கள். தொடக்கத்தில் எண்ணிய ‘டக்’ கணக்கையும் அன்றே இன்னொரு முறை எண்ணி, சர்வீஸ் புத்தகத்தில் தேதியோடு குறித்து வையுங்கள்.